மாத்தூர் பாலத்தின் இரண்டு தூண்கள் எங்கே போயின?

போன மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு (தூண்களின் மேல் தொட்டி மாதிரிக் கால்வாயில் தண்ணீர் போகும் பாலம்) கீழே, பறளியாற்றின் கரையில் நின்று ஏழு படங்கள் எடுத்தேன். பாலம் ஒரே படத்தில் அடங்காது என்பதால் இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு மென்பொருளில் போட்டு ஒட்டினேன். ஒட்டே தெரியாமல் அழகாக வந்தது. மாமாவிடம் காட்டினேன். அந்தப் பக்கத்திலேயே வளர்ந்தவர், 28 தூணையும் சின்ன வயதிலேயே எண்ணிப் பழகியவர். படத்தைப் பெரிதாக்கி விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனவர் நடுவில் நின்றுவிட்டார். "இங்க ரெண்டு தூணக் காணல்லியே மக்களே" என்றார். தனித்தனிப் படங்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

115 அடி வரை உயரும் தூண்களில் இரண்டை மென்பொருள் எப்படி விழுங்கியது என்று தேடிப் போனதில்தான், ஒரு பனோரமா படம் எப்படி ஒட்டப்படுகிறது என்பது எனக்கு ஒழுங்காகப் புரிந்தது.

கணினிக்குப் பாலம் தெரியாது, தூண் தெரியாது. அதன் முன் இருப்பவை எண்கள் மட்டும், ஒவ்வொரு பிக்சலுக்கும் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று. இரண்டு படங்களை ஒட்ட வேண்டுமானால் இரண்டிலும் இருக்கிற பொது இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த இடத்தை நம்புவது? கன்னியாகுமரிக் கரையில் நின்று எடுத்த படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் சின்னதாக ஒரு சதுரம் வெட்டி எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அதே நீலம்தான், அடையாளத்துக்கு உதவாது. கடலும் வானமும் சேரும் கோட்டில் வெட்டினால் மேலே கீழே நகர்த்தும்போது வித்தியாசம் தெரியும், ஆனால் கோட்டின் வழியாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் தெரியாது. வள்ளுவர் சிலையின் உயர்த்திய மூன்று விரல்களில் ஒன்றின் நுனியில் வெட்டுங்கள், எந்தப் பக்கம் நகர்த்தினாலும் படம் மாறிவிடும். இப்படிப்பட்ட மூலைகளைத்தான் கணினி தேடுகிறது. இதற்கு ஒரு கணக்கை 1988இல் கிறிஸ் ஹாரிஸும் மைக் ஸ்டீஃபன்ஸும் கொடுத்தார்கள், இன்றைக்கும் அது புழக்கத்தில் இருக்கிறது.

மூலை கிடைத்தால் மட்டும் போதாது, அடுத்த படத்தில் அதே மூலையை அடையாளம் காண வேண்டுமே. கை சற்றுச் சாய்ந்திருக்கும், தூரம் மாறியிருக்கும், மேகம் வந்து வெளிச்சம் குறைந்திருக்கும். கனடாவைச் சேர்ந்த டேவிட் லோ 1999இல் வெளியிட்ட சிஃப்ட் என்ற முறை இந்த இடத்தில்தான் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள பகுதியை நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் எட்டுத் திசைகளில் எந்தெந்தத் திசையில் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறார்கள். மொத்தம் 128 எண்கள், அதுதான் அந்தப் புள்ளியின் கைரேகை. படத்தைச் சாய்த்தாலும் சுருக்கினாலும் அது பெரிதாக மாறாதபடி கணக்கு அமைந்திருக்கிறது. இரண்டு படங்களின் கைரேகைகளையும் ஒப்பிட்டு, நெருங்கி வருகிறவற்றை ஜோடி சேர்க்க வேண்டியதுதான்.

ஜோடி தப்பாகவும் சேரும். அதற்கு லோ வைத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு புள்ளிக்கு மிக நெருக்கமான ஜோடியைப் பார், அதற்கு அடுத்த நெருக்கத்தில் இருப்பதையும் பார், இரண்டின் கைரேகையும் ஏறக்குறைய ஒரே அளவு ஒத்துப்போனால் இரண்டையுமே விட்டுவிடு. தெருவில் இரட்டைப் பிள்ளைகள் நிற்கும்போது, நேற்று வந்தவன் இவனா அவனா என்று கேட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது மாதிரி. தப்பான ஜோடிகளில் சுமார் 90 சதவீதம் இதிலேயே கழிந்துவிடும், நல்ல ஜோடிகளில் 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இழப்போம் என்று 2004 கட்டுரையில் காட்டினார்.

மிச்சமிருக்கும் பொய்களைக் கழிப்பது ரான்சாக். மார்ட்டின் ஃபிஷ்லரும் ராபர்ட் போல்ஸும் 1981இல் சொன்ன முறை. நின்ற இடத்திலேயே திரும்பி எடுத்த இரண்டு படங்களைப் பொருத்த நான்கு ஜோடிகள் போதும். கண்ணை மூடிக்கொண்டு நான்கை எடு, அதை வைத்துப் படத்தைத் திருப்பிப் பார், மற்ற ஜோடிகளில் எத்தனை இதற்கு ஒத்துப்போகின்றன என்று எண்ணு, பிறகு வேறு நான்கை எடு. ஜோடிகளில் பாதி தப்பாகவே இருந்தாலும் எடுத்த நான்கும் சரியாக அமைய பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. நூறு தடவை முயன்றால் ஒரு தடவைகூட அமையாமல் போவது ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. கடைசியில் அதிக ஆதரவு பெற்ற பொருத்தமே ஏற்கப்படும்.

கன்னியாகுமரிக் கடலில் இது அருமையாக வேலை செய்கிறது. அலை நுரையில் மூலைகள் கொட்டிக் கிடக்கும், அடுத்த படம் எடுப்பதற்குள் அத்தனையும் கலைந்துவிடும், அதனால் அலையில் சேரும் ஜோடிகள் பெரும்பாலும் பொய். ஆனால் ஒவ்வோர் அலையும் ஒவ்வொரு பொய் சொல்லும், ஒன்று இடப்பக்கம் இழுக்கும், இன்னொன்று மேலே. சிலையும் விவேகானந்தர் பாறையும் அவற்றுக்கு நடுவில் இருக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் மட்டும் ஒரே குரலில் பேசும், அவை ஜெயிக்கும். (பாறைக்குப் போகும் படகு நடுவில் நகர்ந்திருந்தால் அது படத்தில் இரண்டு தடவை வரும், அது வேறு விஷயம்.)

மாத்தூரில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஒட்டிய மென்பொருளிடம் ஜோடிகளைக் கோடு போட்டுக் காட்டச் சொன்னேன். நாலாவது படத்தின் வலது ஓரத்துத் தூண்கள் இரண்டும், ஐந்தாவது படத்தில் இரண்டு தூண் தள்ளி நின்றவற்றோடு சேர்ந்திருந்தன. நான் படங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சமாகத்தான் படியவிட்டிருந்தேன், அதனால் உண்மையான ஜோடித் தூண்கள் ஐந்தாவது படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, மங்கலாக நின்றன. தெளிவாக நின்ற அடுத்த இரண்டும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. தூண்கள் ஒரே அச்சு, ஒரே இடைவெளி. ஒரு ஜோடி எவ்வளவு தள்ளித் தப்பியதோ அதே அளவு மற்றதும் தப்பியது. அலைகளைப் போல ஆளுக்கொரு பொய் சொல்லாமல் தூண்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னதால், ரான்சாக்குக்கு அது உண்மையாகவே தெரிந்தது. பின்னால் வெறும் வானமும் ஒரே மாதிரியான தென்னை ஓலைகளும் இருந்ததால் எதிர்சாட்சி சொல்லவும் ஆளில்லை.

வீடியோவில் படம் ஆடுவதைச் சரிசெய்யும் வசதியிலும் இதே கதைதான். அடுத்தடுத்த காட்சிகளில் புள்ளிகளைப் பொருத்தி, கேமரா எப்படி ஆடியது என்று கணக்கிட்டு, அந்த ஆட்டத்துக்கு எதிராகப் படத்தை நகர்த்தி ஓரத்தை வெட்டுகிறார்கள். போன் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் ஜைரோ என்ற கருவியும் இதற்கு உதவும். ஆனால் படங்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் மென்பொருளில், படகிலிருந்து வள்ளுவர் சிலையை எடுக்கும்போது படகின் கைப்பிடிக் கம்பி பாதித் திரையை அடைத்தால், கம்பியும் கையும் சேர்ந்தே ஆடுவதால் பெரும்பான்மைப் புள்ளிகள் "ஆட்டமே இல்லை" என்று சொல்லிவிடும். சிலை மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும். கம்பியை ஒதுக்கி எடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு திரும்பப் போனேன். இந்தத் தடவை படங்களைப் பாதிக்குப் பாதி படியவிட்டேன், கால் நகராமல் ஒரே இடத்தில் நின்று திரும்பினேன் (நகர்ந்தால் பக்கத்து மரமும் தூரத்துத் தூணும் வெவ்வேறு அளவு நகர்ந்து கணக்கே கெட்டுவிடும்), ஒவ்வொரு படத்திலும் கீழே ஆற்றுப் பாறைகளும் வருமாறு சாய்த்துப் பிடித்தேன். ஒரு பாறை மாதிரி இன்னொரு பாறை இருக்காது. வீட்டுக்கு வந்து கோடுகளைப் போட்டுப் பார்த்தபோது, நல்ல ஜோடிகள் பாறைகளில் மட்டுமல்ல, தூண்களிலும் இருந்தன. தொட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து காங்கிரீட்டில் இறங்கிய கறுப்புக் கறைகள், ஒவ்வொரு தூணிலும் ஒவ்வொரு விதம். மாமா மறுபடி விரல் வைத்து எண்ணினார். இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லை.