டிபிஐ: சொல்லும் பொருளும், தமிழில் ‘அசைவெண்’

விளையாட்டுக்கென்று ஒரு மவுஸ் வாங்கப் போனால், பெட்டியின் மேல் பெரிதாக அச்சாகியிருப்பது டிபிஐ எண்தான். 8,000, 16,000, 26,000 என்று அது வருடாவருடம் ஏறிக்கொண்டே போகிறது. எண் கூடினால் குறியும் துல்லியமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பிறக்க அந்தச் சொல்லே பாதிக் காரணம்.

டிபிஐ என்பது ‘டாட்ஸ் பெர் இன்ச்’ என்பதன் சுருக்கம். ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்று பொருள். இது அச்சுத் தொழிலின் சொல். ஓர் அங்குல நீளத்தில் அச்சுப்பொறி எத்தனை மைப்புள்ளிகள் வைக்கும் என்பதைச் சொல்கிறது. 300 புள்ளி வைக்கும் பொறியைவிட 600 புள்ளி வைக்கும் பொறியில் எழுத்தின் விளிம்பு மழமழவென்று வரும். அங்கே எண் கூடினால் தெளிவும் கூடும். மவுஸ் எங்கேயும் புள்ளி வைப்பதில்லை. அதன் வேலை எண்ணுவது.

அது என்ன எண்ணுகிறது? தான் மேசையில் எங்கே இருக்கிறோம் என்பது மவுஸுக்குத் தெரியாது. ‘போன தடவை சொன்னதற்குப் பிறகு வலப்பக்கம் 3, மேலே 1 நகர்ந்தேன்’ என்று மட்டும் கணினிக்குச் சொல்லும். அந்த 3-ம் 1-ம்தான் எண்ணங்கள், ஆங்கிலத்தில் கவுன்ட். ஆகவே சரியான ஆங்கிலச் சொல் சிபிஐ, அதாவது ‘கவுன்ட்ஸ் பெர் இன்ச்’. சென்சார் செய்பவர்களின் தொழில்நுட்ப ஆவணங்களில் இதைத்தான் காணலாம். 800 சிபிஐ என்றால் ஓர் அங்குலம் நகர்த்தினால் 800 எண்ணம் போகும், அவ்வளவுதான். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து நிரலாளர்கள் ஒற்றை எண்ணத்துக்கு ‘மிக்கி’ என்று கார்ட்டூன் எலியின் பெயரையே வைத்திருந்தார்கள். ஒரு மிக்கி அப்போது ஏறத்தாழ அங்குலத்தில் 200-ல் ஒரு பங்கு.

எண்ணும் முறைதான் காலத்தோடு மாறியது. 1964-ல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் செய்த முதல் மரப்பெட்டியில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள் இருந்தன. பிறகு வந்த உருண்டை மவுஸில், விளிம்பில் துளையிட்ட சின்னச் சக்கரம் சுழலும்போது ஒளி விட்டுவிட்டு வரும், அந்த விட்டுவிட்டு வருவதை எண்ணினார்கள். 1999-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரருக்குப் பிறகு ஒளி மவுஸ் பரவலாயிற்று. அதன் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. மேசைப் பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்களாக எடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பரப்பின் பொருக்கும் வரியும் எவ்வளவு தள்ளிப் போயிருக்கின்றன என்று கணக்கிடுகிறது.

இங்கேதான் பெரிய எண்களின் குட்டு இருக்கிறது. அந்தக் கேமரா காண்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதே நகர்வை இன்னும் பொடிப்பொடியாகக் கூறுபோட்டு எண்ணிக்கையைப் பெருக்கலாம், ஆனால் ஓர் அளவுக்கு மேல் அந்தப் பொடிகளில் கையசைவோடு சென்சாரின் நடுக்கமும் கலந்துவிடும். நடுக்கத்தை மறைக்கச் சில சென்சார்கள் முந்தைய சில அளவீடுகளின் சராசரியை அனுப்புகின்றன. அப்போது குறி நடுங்காது, ஆனால் கைக்குச் சற்றுப் பிந்தி வரும். விளையாடுபவருக்கு இது நல்ல பேரமல்ல.

சரி, தமிழில் என்ன சொல்வது? மவுஸுக்குச் ‘சுட்டி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. சுட்டு என்னும் வினையிலிருந்து வந்த பெயர். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளுக்கும் அதே வேர். செய்யும் வேலையைச் சொல்லும் நல்ல பெயர். டிபிஐக்கு ‘அங்குலத்துக்குப் புள்ளிகள்’ என்று எழுதினால் ஆங்கிலத்தின் பிழையைத் தமிழுக்கும் கொண்டுவருகிறோம். எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது ‘அசைவெண்’. அதிர்வெண் என்ற சொல் பள்ளிப் பாடத்திலேயே பழகியது: ஒரு வினாடிக்கு இத்தனை அதிர்வுகள். அதே வார்ப்பில், ஓர் அங்குலத்துக்கு இத்தனை அசைவுகள் என்றால் அசைவெண். அங்குலம் என்ற சொல்லே விரல் என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது, முதலில் விரற்கடை அளவைக் குறித்தது, பின்னால் 2.54 சென்டிமீட்டர் அளவுக்கும் பெயரானது. விரலால் நகர்த்தும் கருவிக்கு அந்த அளவு ஒத்துப்போகிறது என்பது எனக்கு மகிழ்ச்சி.

அசைவெண்ணையும் உணர்திறனையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். அசைவெண் சுட்டிக்குள் நடக்கும் எண்ணிக்கை. உணர்திறன், அதாவது சென்சிட்டிவிட்டி, விளையாட்டுக்குள் அந்த எண்ணத்தைப் பெருக்கும் ஒரு காரணி. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் உணர்திறன் 1 என்றால் ஓர் எண்ணத்துக்குப் பார்வை 0.022 பாகை திரும்பும். அசைவெண் 800 ஆனால் ஓர் அங்குலத்துக்கு 17.6 பாகை. முழுதாக ஒரு சுற்றுத் திரும்ப 20.5 அங்குலம், ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். அசைவெண் 400, உணர்திறன் 2 என்று வைத்தாலும் அதே 52. 1600, 0.5 என்றாலும் அதேதான். இந்தப் பெருக்கற்பலனைத்தான் விளையாட்டுக்காரர்கள் இடிபிஐ என்கிறார்கள், ‘பயனுறு அசைவெண்’ எனலாம்.

மூன்றும் ஒன்றென்றால் அசைவெண்ணைக் கூட்டுவதில் பயனே இல்லையா? உண்டு, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். 400-ல் ஒவ்வொரு எண்ணத்துக்கும் பார்வை 0.044 பாகை தாவுகிறது, 1600-ல் 0.011 பாகைதான். கை அசையத் தொடங்கியதை 1600 சற்று முன்னதாகவே சொல்லிவிடும். ஆனால் 1920 பிக்சல் அகலத் திரையில் 90 பாகைக் காட்சி தெரியும்போது, நடுவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.06 பாகை. 400 அசைவெண்ணிலேயே தாவல் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. 800, 1600 போதும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். 26,000-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு கண்ணுக்குத் தெரியும் எதையும் தராது.

துல்லியம் என்ற சொல்லுக்கும் இதே கதி. விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்றொரு தெரிவு இருக்கிறது. பெயரில்தான் துல்லியம், செய்வது முடுக்கம். ஒரே தூரத்தை வேகமாக நகர்த்தினால் சுட்டுக்குறி அதிகம் போகும், மெதுவாக நகர்த்தினால் குறைவாகப் போகும். கை ஒரே தூரத்தைப் பழகவே முடியாது. விளையாடுபவர்கள் அதை அணைத்துவிட வேண்டும், விளையாட்டில் ரா இன்புட் (விண்டோஸின் மாற்றம் கலக்காமல் சுட்டியின் எண்ணங்களை நேரே எடுக்கும் தெரிவு) இருந்தால் அதையும் இயக்க வேண்டும். அப்புறம் போலிங் ரேட், ‘வினவு வீதம்’: கணினி சுட்டியிடம் வினாடிக்கு எத்தனை முறை கேட்கிறது என்பது. 125 என்றால் 8 மில்லிவினாடிக்கு ஒரு முறை, 1000 என்றால் 1 மில்லிவினாடிக்கு ஒரு முறை. இங்கே கூடுதல் எண்ணுக்கு உண்மையான பலன் உண்டு.

பெட்டியில் அச்சிட்ட அசைவெண்ணும் சென்சார் தரும் அசைவெண்ணும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. லென்ஸின் உயரம், அடியிலுள்ள பரப்பு ஆகியவற்றால் சில விழுக்காடு மாறும். புதுச் சுட்டியில் அதே அமைப்பை வைத்தும் குறி தவறினால், முதலில் இதைச் சோதியுங்கள். முடுக்கத்தை அணைத்து, விண்டோஸின் சுட்டி வேகத்தை நடுக்கோட்டில் வையுங்கள், அங்கே ஓர் எண்ணத்துக்கு ஒரு பிக்சல். ஆயத்தொலைவைக் காட்டும் ஏதாவது படம் வரையும் நிரலைத் திறந்து, அளவுகோலை ஒட்டிச் சரியாக 2 அங்குலம் நகர்த்துங்கள். 800 என்று போட்ட சுட்டி 1600 பிக்சல் போக வேண்டும். பல முறை செய்தும் 1664 என்று வந்தால் உண்மையான அசைவெண் 832. அப்போது விளையாட்டின் உணர்திறனை 800-ஐ 832-ஆல் வகுத்து வருவதால் பெருக்கிக்கொள்ளுங்கள், 1 என்று இருந்தது 0.96 ஆகும்.