மேற்குக் கரையிலும் காசாவிலும் நடப்பதைக் கண்காணிப்பது யார், எந்த அதிகாரத்தில்?

மேற்குக் கரையில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். விடிகாலையில் ராணுவ வண்டிகள் வருகின்றன, பின்னாலேயே புல்டோசர் வருகிறது, கட்டட அனுமதி இல்லை என்று சொல்லி ஒரு வீட்டை இடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வீட்டின் சொந்தக்காரர் யாரிடம் போய் முறையிடுவது?

மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 சதவீத நிலம் 'சி பகுதி' என்ற கணக்கில் வருகிறது. அங்கே அனுமதி கொடுப்பது, மறுப்பது, இடிப்பது எல்லாமே இஸ்ரேல் ராணுவ நிர்வாகம்தான். வழக்குப் போடலாம், ஆனால் அதுவும் இஸ்ரேல் நீதிமன்றத்தில்தான். அவர் அந்த நாட்டுக் குடிமகன் இல்லை, அந்த அரசை மாற்ற அவருக்கு ஓட்டும் கிடையாது. தன்னை ஆள்கிறவர்களைக் கேள்வி கேட்க உள்ளூரில் வழியே இல்லாத இப்படிப்பட்ட மக்களுக்காகத்தான் வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பு வேண்டும் என்ற எண்ணமே வந்தது. அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, அதனால் எது முடியும், எது முடியாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். "ஐநா என்ன செய்கிறது?" என்று கோபத்தோடு கேட்கிறவர்கள் நிறைய, எனக்கும் அந்தக் கோபம் உண்டு, ஆனால் ஐநா என்பது ஒரே ஆள் இல்லை என்பது புரிந்தால்தான் கோபத்தை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியும்.

முதலில் சட்டம். 1967 ஜூன் போரில் இஸ்ரேல் கிழக்கு ஜெருசலேம் உள்ளிட்ட மேற்குக் கரையையும் காசாவையும் பிடித்தது. ஒரு நாட்டின் ராணுவம் வேறு நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது அங்கே இருக்கும் பொதுமக்களை எப்படி நடத்த வேண்டும் என்று 1949-இன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. போர் நடவடிக்கைக்குத் தவிர்க்க முடியாத தேவை இருந்தால் ஒழிய சொத்துகளை அழிக்கக்கூடாது என்கிறது 53-வது பிரிவு. பிடித்த நிலத்துக்குத் தன் சொந்த மக்களைக் குடியேற்றக்கூடாது என்கிறது 49-வது பிரிவு. இஸ்ரேல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுதான். ஆனால் 1967-க்கு முன்னால் அந்த நிலம் சட்டப்படி வேறு எந்த நாட்டுக்கும் சொந்தமாக இருக்கவில்லை, அதனால் ஒப்பந்தம் இங்கே கட்டாயமாகப் பொருந்தாது, மனிதாபிமானப் பகுதிகளை மட்டும் நாங்களாகவே கடைப்பிடிக்கிறோம் என்பது அதன் நிலைப்பாடு. மனித உரிமை ஒப்பந்தங்களும் தன் எல்லைக்கு வெளியே பொருந்தாது என்று அது சொல்கிறது. இந்த இரண்டு வாதங்களையும் சர்வதேச நீதிமன்றம் 2004-இல், மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய பிரிப்புச் சுவர் பற்றிய ஆலோசனைக் கருத்தில், ஏற்கவில்லை. எனவே எந்தச் சட்டம் என்பதில் உலகத்துக்கு இப்போது பெரிய குழப்பம் இல்லை.

சரி, சட்டம் இருக்கிறது. மீறினால் பார்க்கிறவர் யார்?

மிகப் பழையது 1968 டிசம்பரில் ஐநா பொதுச்சபை அமைத்த ஒரு சிறப்புக் குழு. மூன்று நாடுகள் கொண்ட குழு. அன்று அதில் இருந்தவை சிலோன், சோமாலியா, யூகோஸ்லாவியா. முதல் தலைவர் சிலோனின் தூதர் ஷேர்லி அமரசிங்க. மற்ற இரண்டு இடங்கள் கைமாறின, இலங்கை மட்டும் தொடர்ந்து இருக்கிறது, கூடவே இப்போது மலேசியாவும் செனகலும். இந்தக் குழுவை ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்குள் இஸ்ரேல் விட்டதில்லை. அதனால் அம்மானிலும் கெய்ரோவிலும் உட்கார்ந்து, அங்கே வந்து சேர முடிந்தவர்களிடம் சாட்சியம் வாங்கி, ஒவ்வொரு ஆண்டும் பொதுச்சபைக்கு அறிக்கை கொடுத்து வருகிறது.

1993-இல் ஜெனீவாவில் இன்னொரு பதவி உருவானது. சிறப்பு அறிக்கையாளர். இது சம்பளமில்லாத வேலை, ஐநா ஊழியரும் இல்லை, தனியாக இயங்கும் ஒரு சட்ட நிபுணர் என்று புரிந்துகொள்ளலாம். இஸ்ரேல் செய்யும் மீறல்களை மட்டும் விசாரிப்பது, ஆக்கிரமிப்பு முடியும்வரை தொடர்வது, இதுதான் இவருக்குக் கொடுத்த பணி. தென்னாப்பிரிக்கரான ஜான் டுகார்டால் நேரில் போய்ப் பார்க்க முடிந்தது. அவருக்கு அடுத்து வந்த ரிச்சர்ட் ஃபால்க் 2008 டிசம்பரில் விமான நிலையத்திலேயே பிடித்து வைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அப்புறம் வந்த இந்தோனேசியரான மக்காரிம் விபிசோனோ, உள்ளே விடுவார்கள் என்ற உறுதியை நம்பிப் பதவியை ஏற்று, கடைசிவரை விடாததால் 2016-இல் ராஜினாமா செய்தார். இப்போது இருக்கும் இத்தாலியரான பிரான்செஸ்கா அல்பனீஸ் மீது 2025 ஜூலையில் அமெரிக்கா பொருளாதாரத் தடையே போட்டது. அறிக்கை எழுதுகிற ஒருவர் மீது, அந்தப் பணிக்காகத் தடை போடுவது சாதாரண விஷயம் இல்லை, இதை நாம் சும்மா கடந்துபோகக்கூடாது என்று நினைக்கிறேன்.

இந்தச் சிறப்பு அறிக்கையாளர் முறையில் சாதாரண மனிதருக்கு உதவும் ஒரு அம்சம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒரு அமைப்போ நேரடியாக எழுதலாம். வக்கீல் தேவையில்லை, உள்ளூர் நீதிமன்றங்களை எல்லாம் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. என்ன நடந்தது, எங்கே, எப்போது, யாருக்கு, செய்தது யார் என்ற விவரமும், பாதிக்கப்பட்டவரின் சம்மதமும் இருந்தால் போதும். அறிக்கையாளர் அதைப் பார்த்து, எடுத்துக்கொள்ளத் தக்கது என்று நினைத்தால், சம்பந்தப்பட்ட அரசுக்குக் கடிதம் எழுதுவார். சாதாரணமாகப் பதில் சொல்ல 60 நாள். அதற்கப்புறம் கடிதமும், பதில் வந்திருந்தால் அதுவும், பொதுவில் வெளியாகும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் அவசரக் கடிதம் போகும். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை, அதுதான் இதன் பெரிய ஓட்டை. ஒவ்வொரு மனித உரிமை ஒப்பந்தமும் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்கும் ஐநா நிபுணர் குழுக்களுக்கு, அதாவது ஒப்பந்தக் குழுக்களுக்கு, தனிநபர் புகார் கொடுக்கும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுத்தான் இருக்கிறது. உதாரணமாக, குடிமை அரசியல் உரிமை ஒப்பந்தத்தில் இஸ்ரேல் 1991-இல் சேர்ந்தது, ஆனால் தனிநபர் புகாரை அனுமதிக்கும் அதன் துணை ஒப்பந்தத்தில் சேரவில்லை.

களத்திலேயே இருந்து பதிவு செய்கிறவர்களும் உண்டு. ஐநா மனித உரிமை ஆணையரின் அலுவலகம் 1996 முதல் பாலஸ்தீனப் பகுதியில் கிளை வைத்திருக்கிறது, ஆனால் அதன் வெளிநாட்டு ஊழியர்களுக்கு 2020-க்குப் பிறகு இஸ்ரேல் விசா கொடுப்பதை நிறுத்திவிட்டது. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2009-லிருந்து ஒவ்வொரு வீடு இடிப்பையும் எந்த ஊர், எத்தனை பேர், அதில் எத்தனை குழந்தைகள், என்ன காரணம் சொன்னார்கள் என்று கணக்கெடுத்து வைக்கிறது. நான் முதலில் சொன்ன வீட்டின் சொந்தக்காரரைத் தேடி முதலில் வருகிறவர் அநேகமாக இந்த மாதிரி ஒரு களப்பணியாளராகத்தான் இருப்பார். சிறைகளைப் பார்ப்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் வேலை, அதற்கு ஜெனீவா ஒப்பந்தத்தின் 143-வது பிரிவே உரிமை கொடுக்கிறது. பார்த்ததை வெளியே சொல்லாமல் அந்த அரசிடம் மட்டும் சொல்வது அவர்கள் வழக்கம். காசாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு பாலஸ்தீனக் கைதிகளைப் பார்க்கும் அந்த உரிமையை இஸ்ரேல் நிறுத்தியது, காசாவில் பிணைக்கைதிகளாக இருந்த இஸ்ரேலியர்களைப் பார்க்கவும் ஹமாஸ் அவர்களை விடவில்லை.

மேற்குக் கரையில் இருக்கும் ஹெப்ரான் நகரத்துக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1994 பிப்ரவரியில் அங்கே இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு இஸ்ரேலியக் குடியேற்றவாசி சுட்டுக் கொன்றான். அதற்கப்புறம் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் ஒப்புக்கொண்டு ஒரு சர்வதேசப் பார்வையாளர் குழுவைக் கொண்டுவந்தார்கள். நார்வே, டென்மார்க், ஸ்வீடன், இத்தாலி, சுவிட்சர்லாந்து, துருக்கி ஆகிய நாடுகளிலிருந்து ஆயுதம் இல்லாத ஆட்கள் வந்து தெருத்தெருவாக நடந்து, பார்த்ததை எழுதினார்கள். தலையிட அதிகாரம் கிடையாது, எழுதினதை வெளியிடவும் கூடாது, இரண்டு தரப்புக்கும் அனுப்பிய நாடுகளுக்கும் மட்டும்தான் கொடுக்க வேண்டும். அப்படியும் அவர்கள் தெருவில் நிற்பதே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு காவல்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய ஏற்பாடு அது, 2019 ஜனவரியில் புதுப்பிக்க மாட்டோம் என்று அன்றைய இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அறிவித்தார், அத்தோடு முடிந்தது. ஏற்கனவே அனுமதி கொடுத்து நடந்துகொண்டிருந்த கண்காணிப்பைக்கூட ஒரே அறிவிப்பில் நிறுத்த முடிகிறது என்றால், இந்த மொத்த ஏற்பாட்டின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது அல்லவா? யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர் கையில்தான் கதவின் சாவி இருக்கிறது.

இது ஈழத்துத் தமிழருக்குப் பழக்கமான விஷயம்தான். 2014-இல் ஐநா மனித உரிமை ஆணையர் அலுவலகம் இலங்கைப் போர்க் குற்றங்களை விசாரித்தபோது அந்தக் குழுவை இலங்கை உள்ளே விடவில்லை, வெளியில் இருந்தவர்களின் சாட்சியத்தையும் படங்களையும் வைத்தே 2015-இல் அறிக்கை வந்தது. பாலஸ்தீனத்துக்குள் போக வேண்டும் என்று அரை நூற்றாண்டாகக் கேட்கும் குழுவில் இருக்கிற நாடே தன் கதவைச் சாத்தியது எனக்கு இன்றும் வலிக்கிறது. அந்த விசாரணை தொடங்கியபோது ஆணையராக இருந்தவர் நவி பிள்ளை, டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர்.

அதே நவி பிள்ளைதான் பிறகு பாலஸ்தீன விசாரணை ஆணையத்துக்கும் தலைவரானார். 2021 மே மாதம் ஐநாவின் மனித உரிமைப் பேரவை அமைத்த இந்த ஆணையத்தை இதுவரை வந்ததிலேயே விரிவானது என்று சொல்லலாம். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியோடு இஸ்ரேலுக்குள் நடப்பதையும் பார்க்கும், எல்லாத் தரப்பையும் விசாரிக்கும், முடிவுத் தேதி கிடையாது. 2024 ஜூன் அறிக்கையில் அக்டோபர் 7 அன்று ஹமாஸும் மற்ற ஆயுதக் குழுக்களும் செய்தவை போர்க் குற்றங்கள் என்றும், காசாவில் இஸ்ரேல் செய்தவை போர்க் குற்றங்களும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களும் என்றும் சொன்னது. 2025 செப்டம்பரில், காசாவில் இஸ்ரேல் இனப்படுகொலை செய்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. தன் மீதான இந்த இரண்டு முடிவுகளையும் இஸ்ரேல் மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் நவி பிள்ளைக்குப் பதில் தலைவராக வந்தவர் எஸ். முரளிதர், சென்னையில் வழக்கறிஞராகத் தொடங்கி ஒடிசா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்றவர்.

ஒரு குற்றச்சாட்டையும் சொல்ல வேண்டும். 47 நாடுகள் கொண்ட மனித உரிமைப் பேரவையின் நிரந்தர நிகழ்ச்சி நிரலில் ஒரு நாட்டைப் பற்றிய தனித் தலைப்பு என்றால் அது ஏழாவது தலைப்பு மட்டும்தான், அது இஸ்ரேலைப் பற்றியது. இது ஒருதலைப்பட்சம் என்று இஸ்ரேலும் அமெரிக்காவும் சொல்கின்றன. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மேற்குக் கரையின் சில பகுதிகளை நிர்வகிக்கும் பாலஸ்தீன அதிகார சபையின் காவலில் நடக்கும் சித்திரவதையும், காசாவில் ஹமாஸ் எதிர்ப்பாளர்களை நடத்திய விதமும் சிறப்பு அறிக்கையாளரின் வரம்பில் வராது. ஆனால் பாலஸ்தீனம் 2014-இல் முக்கியமான மனித உரிமை ஒப்பந்தங்களில் சேர்ந்துவிட்டது, அந்த ஒப்பந்தக் குழுக்களின் முன்னால் அதுவும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பார்க்கிறவர் ஒருபக்கம் சாய்கிறார் என்று தோன்றினால் இன்னும் அதிகம் பேரைப் பார்க்க விடுவதுதான் அதற்கு வழி, கதவைச் சாத்துவது வழியாகாது.

அப்படியானால் இத்தனை அறிக்கையும் காகிதம்தானா? அறிக்கையால் ராணுவத்தைத் தடுக்க முடியாது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் பாதுகாப்புச் சபையிடம் இருக்கிறது, அங்கே தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் அமெரிக்காவுக்கு இருக்கிறது. குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்ற 2334-வது தீர்மானம் 2016 டிசம்பரில் நிறைவேறியதே, அன்று அமெரிக்கா வீட்டோ போடாமல் ஒதுங்கிக்கொண்டதால்தான். ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும்போது இந்தக் காகிதம்தான் கைகொடுக்கிறது. 2024 ஜூலை 19 அன்று, பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் சொன்னபோது, ஐநா அமைப்புகள் பல வருடமாகச் சேர்த்த விவரங்களைத்தான் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டியது. அதை வைத்துப் பொதுச்சபை 12 மாதத்துக்குள் வெளியேறச் சொல்லித் தீர்மானம் போட்டது, 124 நாடுகள் ஆதரவு, இந்தியா உட்பட 43 நாடுகள் நடுநிலை வகித்தன. கெடு 2025 செப்டம்பரில் முடிந்தது, யாரும் வெளியேறவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வேறு, அது நாடுகளை அல்ல, ஆட்களை விசாரிப்பது. 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கும் முன்னாள் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலன்டுக்கும் ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃபுக்கும் அது பிடிவாரண்டு போட்டது, தெய்ஃப் இறந்தது உறுதியானதும் அவர் மீதானது கைவிடப்பட்டது. அதன் உறுப்பு நாடுகள் பிடித்துக்கொடுக்கக் கடமைப்பட்டவை, ஆனாலும் 2025 ஏப்ரலில் நெதன்யாகு ஹங்கேரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

அந்த வீட்டின் சொந்தக்காரருக்கு என்ன கிடைக்கும்? வீடோ நிலமோ பிரிப்புச் சுவர் கட்டுவதற்காகப் போயிருந்தால், 2006-இல் பொதுச்சபை உருவாக்கி வியன்னாவில் வைத்திருக்கும் சேதப் பதிவேட்டில் அவர் தன் இழப்பைப் பதிய முடியும். படிவம் நிரப்ப, ஆவணங்களைச் சேர்க்க உதவும் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். எத்தனை மரம், எத்தனை ஏக்கர், எந்தக் கிணறு என்று எல்லாம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பதிவேட்டின் வேலை பதிந்து வைப்பது மட்டும்தான். அதைப் பார்த்து இழப்பீடு கொடுக்க வேண்டிய அமைப்பை இதுவரை யாரும் உருவாக்கவில்லை.