யாழ்ப்பாணத்து வெயிலுக்குச் சுழலும் சோலர் பனல் தேவையா?

சோலர் போட நினைப்பவர்கள் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். காலையில் கிழக்கே பார்த்து, பின்னேரம் மேற்கே சாயும் சோலர் பனல். "தம்பி, இதைப் போட்டால் முப்பது வீதம் கரண்ட் கூட வருமாம், உண்மையோ?" என்பது கேள்வி.

வரும், வானம் வெளித்துக் கிடக்கும் பாலைவனத்தில். அங்கே கிடைக்கும் ஒளியில் பெரும்பங்கு சூரியனிலிருந்து நேராக வருவது. பனலைச் சூரியன் பக்கம் திருப்பினால் அந்த ஒளி கூடுதலாகப் பிடிபடும். எங்கள் தீவில் காற்றில் ஈரம் அதிகம், மேகம் அதிகம். ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பனலில் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வானம் முழுவதிலுமிருந்து சிதறி வரும் ஒளி. அதற்குத் திசை கிடையாது. மாரி மழைக்கால மூடல் நாட்களில் பனலைச் சாய்க்காமல் மல்லாக்க வைத்திருப்பதே மேல்.

இன்னொன்று, யாழ்ப்பாணம் 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே போய்விடும். "பனல் தெற்கே பார்க்குது, சூரியன் வடக்கே நிற்குது" என்று ஜூன் மாதத்தில் பதறிப்போய் அழைப்பவர்கள் உண்டு. பத்துப் பாகைச் சாய்வில் இருக்கும் பனலுக்கு அந்த நாட்களின் மதியத்தில்கூட நேர் ஒளி பத்தில் ஒரு பங்கு குறையாது. ஆகவே வடக்கு-தெற்காகவும் திருப்பும் இரண்டாவது மோட்டர் இங்கே வெறும் செலவு. கிழக்கு-மேற்குத் திருப்பத்தில்தான் ஏதாவது கிடைக்கும்.

அதுவும் எப்போது? மதியத்தில் சுழலும் பனலும் சுழலாத பனலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆதாயம் எல்லாம் காலையிலும் பின்னேரத்திலும். வீட்டு வளவுகளில் அந்த நேரத்துச் சாய்ந்த வெயிலை வேலியோரப் பனையும் பக்கத்து வளவுத் தென்னையும் மறித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு ஓலையின் நிழல் விழுந்தாலே பனலின் ஒரு பகுதி படுத்துவிடும். மோட்டர் கஷ்டப்பட்டுத் திருப்பிப் பனையைப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். தாராளமாக 15 வீதம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோவாட் அமைப்பில் அது 750 வாட் பனலுக்குச் சமம். இன்றைக்குச் சந்தையில் உள்ள பனல் ஒன்றே 550 வாட்டுக்கு மேல். அதாவது இரண்டு பனலைக் கூடப் போட்டால் கதை முடிந்தது. பனல் யானை விலை விற்ற காலத்தில் ஒவ்வொரு வாட்டையும் பிழிந்தெடுக்க, பனலைத் தாங்கித் திருப்பும் இந்தச் சுழலும் சட்டகத்துக்கு நியாயம் இருந்தது. இப்போது மோட்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அந்த இரண்டு பனலைவிட விலை கூட.

வாங்கும் விலையோடும் அது நிற்காது. கடற்கரையோர விருந்தினர் விடுதி ஒன்றில் பனல் மேற்கே சாய்ந்தபடி இறுகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். பனலைச் சாய்க்கும் தள்ளுதண்டைக் கழற்றிப் பார்த்தோம். மேலே இருந்த ரப்பர் உறை வெயிலில் வெடித்திருந்தது. அதற்குள்ளால் போன உப்புக்காற்று தண்டைக் கறள் பிடிக்க வைத்து, கிறீஸை மணல் கலந்த களியாக்கியிருந்தது. பனல் எல்லை தாண்டாமல் மோட்டரை நிறுத்தும் சுவிட்சின் முனைகளில் பச்சைக் களிம்பு. ஒளியைத் தேடும் சென்சரின் கண்ணாடியில் காக்கை எச்சம் வேறு. மேற்கே பார்த்து நின்ற பனல் காலை முழுக்கச் சோம்பியிருக்கிறது. மின்கட்டணம் ஏறிய பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. இறுகிப்போன சுழலும் பனல், சும்மா ஓட்டுக் கூரையில் கிடக்கும் பனலைவிட மோசம்.

காற்றைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. வைகாசி தொடங்கி அடிக்கும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று ஒரு பக்கம். 1978இல் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளி, 2020 டிசம்பரில் வந்த புரெவி போன்றவை இன்னொரு பக்கம். பலத்த காற்றில் இந்தச் சுழலும் சட்டகங்கள் தாமாகவே கிடைநிலைக்கு வர வேண்டும். ஆனால் புயலில் முதலில் போவது மின்சாரம். மின்சார லைன் போனால், பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சாதாரண இன்வேட்டரும் நின்றுவிடும். தனி பற்றரி இல்லாவிட்டால், கரண்ட் போன நொடியில் எந்தச் சாய்வில் நின்றதோ அதே சாய்வில் பாய்மரமாக நின்று காற்றை வாங்கும். வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "லைன் இல்லாதபோது இது எப்படிப் படுக்கும்?"

2017இல் இர்மா, மரியா என்ற சூறாவளிகள் கரீபியன் தீவுகளைத் தாக்கியபோது, பல இடங்களில் பனலைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்று கழன்று, அடுத்தடுத்த பனல்களும் வரிசையாகப் பறந்தன. சுழலாத, நிலையான சட்டகத்துக்கே இந்தக் கதி. மிச்சம் பிடிக்கும் காசில் கிளாம்புக்குப் பதிலாகப் பனல் சட்டத்தை ஊடுருவும் போல்ற் போடுங்கள். கடலோரம் என்றால் 316 தர எவர்சில்வர் கேளுங்கள். வழக்கமான 304 தரம் அங்கே தாக்குப்பிடிக்காது.

"பின்னேரம்தானே வீட்டில் பாவனை கூட?" என்பார்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறும் மின்கட்டண முறையில் உச்சநேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அப்போது சூரியனே இல்லை. அதற்குப் பற்றரிதான் வழி. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் பாவனை குறைந்ததால், கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது. மதியத்தில் குவியாமல் உற்பத்தி பரவ வேண்டுமானால், பாதிப் பனலைக் கிழக்கேயும் பாதியை மேற்கேயும் பத்துப் பாகையில் பொருத்தலாம். இந்த அகலக்கோட்டில் அதனால் வரும் இழப்பு சொற்பம்.

திருப்புவதில் அர்த்தம் உள்ள ஒரு இடம் தோட்டக் கிணறு. பற்றரி இல்லாமல் சோலர் பம்பில் வெங்காயத்துக்கு இறைப்பவருக்குக் காலையில் சீக்கிரமே பம்ப் எழும்ப வேண்டும். வெளியான காணியில் பனையும் மறிக்காது. அங்கும் நான் மோட்டர் போடச் சொல்வதில்லை. தூணில் மூன்று துளை, ஒரு முளை. இறைக்க வரும்போது கிழக்கே, மதியம் நடுவே, பிறகு மேற்கே என்று கையாலேயே திருப்பினால் ஆதாயத்தின் பெரும்பகுதி வந்துவிடும். வீட்டுக்குப் போகும்போது கிடையாக்கி முளையைச் செருகிவிட்டுப் போங்கள். சோளகம் இரவிலும் அடிக்கும்.