கையில் அறாத நூல் மெஷினில் ஏன் அறுகிறது?

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கையால் இழுத்தால் விரலையே அறுக்கிறது, அவ்வளவு கெட்டியான நூல். மெஷினில் போட்டால் ஒரு முழம் ஓடுவதற்குள் அறுந்துவிடுகிறது. கோளாறு நூலிலா, மெஷினிலா?"

பெரும்பாலும் நூலும் ஊசியும் ஒன்றுக்கொன்று பொருந்தாததுதான் காரணம்.

மேல் நூலும், அடியில் பாபின் என்ற சின்ன உருளையில் சுற்றிய நூலும் துணிக்குள் பின்னிக்கொள்வதுதான் மெஷின் தையல். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற முறை இது. எப்படிப் பின்னுகின்றன என்பதில்தான் அழகு இருக்கிறது. ஊசி அடிவரை இறங்கி மேலே கிளம்பும்போது, துணி நூலைப் பிடித்துக்கொள்ளும். ஊசியோடு சேர்ந்து ஏற முடியாத நூல், ஊசிக்கண்ணருகே சின்ன வளையமாகப் புடைக்கும். பாபினைத் தாங்கும் ஷட்டிலின் கூர்மூக்கு சரியாக அந்த நேரத்தில் வந்து வளையத்தைக் கொத்தி, விரித்து, பாபினையே அதற்குள் நுழைய விடுகிறது.

முழு பாபினையும் சுற்றிவர வளையம் பெரிதாக வேண்டும். 10 சென்டிமீட்டர் நூல் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு தையலுக்குச் செலவாவது 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். மிச்சத்தை மேலே ஏறி இறங்கும் நெம்புகோல் வெடுக்கென்று திரும்ப இழுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூலின் ஒவ்வொரு பகுதியும் துணியில் உட்காருமுன் 30 தடவைக்கு மேல் ஊசிக்கண்ணில் இறங்கி ஏறுகிறது! நீங்கள் கையால் இழுத்துப் பார்த்தது ஒரே ஒரு இழுப்பு. மெஷினிலோ கிணற்று ராட்டினத்தில் கயிறு தேய்வதுபோல அதே இடம் திரும்பத் திரும்ப உரசுகிறது. பிசிறும் முடிச்சும் உள்ள நூல் இதற்குத் தாங்காது.

முறுக்கும் முக்கியம். நூலைச் செங்குத்தாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மெஷின் நூலில் புரிகள் இடது கீழிலிருந்து வலது மேலாகச் சாய்ந்திருக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால், ஓட ஓட மெஷினே முறுக்கைப் பிரித்துவிடும். புரி பிரிந்த நூல் கண்ணில் சிக்கி அறும்.

ஊசி பொருந்துகிறதா என்று பார்க்க, கழற்றிய ஊசியில் ஒரு சாண் நூலைக் கோத்துச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நின்றுவிட்டால் நூல் தடிமன். அடுத்த நம்பர் ஊசிக்குப் போங்கள். 14 நம்பர் ஊசியின் தண்டு 0.9 மி.மீ., 16 நம்பர் 1 மி.மீ. ஜீன்ஸுக்குத் தடித்த நூலும் 16 அல்லது 18-உம் வேண்டும்; மெல்லிய பட்டுக்கு 11 நம்பரும் சன்ன நூலும் போதும். பட்டில் தடித்த, கெட்டி நூல் போடுவது எனக்கு ஒப்பாத காரியம். இறுக்கம் வந்தால் தையல் விடட்டும், மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். துணி கிழிந்தால் என்ன செய்வது?

பருத்தியா பாலியெஸ்டரா? பருத்தி நூல் இஸ்திரிச் சூட்டைத் தாங்கும், ஆனால் துவைத்தால் சுருங்கித் தையலைச் சுருக்கிவிடலாம். பாலியெஸ்டர் சுருங்காது, கொஞ்சம் இழுபடும். அதனால் அன்றாடத் துணிகளுக்கு என் ஓட்டு பாலியெஸ்டருக்கே. அது 260 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். வீட்டு மெஷினில் அந்தச் சூடு வராது. நிமிடத்துக்கு 4,000 தையல் ஓடும் தொழிற்சாலை மெஷினில் ஊசி அந்த அளவுக்குக் காயும். அங்கே பாலியெஸ்டர் இழைமேல் பருத்தி சுற்றிய நூலும் ஓட்டுகிறார்கள்.

நூல் அறுந்தால் திருஷ்டி என்று மெஷினில் எலுமிச்சை கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயம்புத்தூரில் 'சிட்ரா' போன்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாநிலம் இது. ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, வீட்டில் தைக்கும் பெண்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தரவும் போக வேண்டும். கடையில் விற்கும் ஒவ்வொரு நூல்கண்டிலும் தடிமனும் அதற்கேற்ற ஊசி நம்பரும் தமிழில் அச்சிட்டிருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகி முதலில் ஊசியை மாற்றிப் பார்க்கட்டும். ஊசிக்கண்ணில் பார்வைக்குத் தெரியாத பிசிர் இருந்தால்கூட, அந்த 30 உரசலில் நல்ல நூலும் அறுந்துபோகும்.