ஈரச் சாலையில் நீளும் விளக்கு

மழை பெய்து ஓய்ந்த இரவில் தெருவைப் பாருங்கள். விளக்கு உருண்டையாகத்தான் இருக்கிறது. தரையில் விழும் அதன் பிம்பம் மட்டும் நம்மை நோக்கி நீளமாக, வாழைநாரைக் கிழித்துப் போட்ட மாதிரி கிடக்கும். பல வருடம் மழையில் நடந்தும் நான் இதை ஏனென்று கேட்டதில்லை. கேட்க வைத்தது ஓர் எண்ணெய் ஓவியம்.

1897இல் பாரிஸில் காமில் பிஸ்ஸாரோ வரைந்தது அது. கண்ணில் நாள்பட்ட தொற்று இருந்ததால் காற்றிலும் தூசியிலும் நின்று வரைவது அவருக்கு ஆகவில்லை. ஓட்டல் அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே ஓடும் மோன்மார்த்ர் பெருந்தெருவை 14 முறை வரைந்தார். அதில் இரவுக் காட்சி ஒன்றே ஒன்று. தரை முழுக்க ஈரம். நடுவில் மின்விளக்குகள் குளிர்ந்த வெள்ளையாக எரிகின்றன, கடைகளில் வாயுவிளக்கின் மஞ்சள், குதிரை வண்டிகளில் எண்ணெய் விளக்கு. கிட்டப் போய்ப் பார்த்தால் விளக்கும் கிடையாது, வண்டியும் கிடையாது. தூரிகை இழுத்த தடிப்பான சாயக் கோடுகள்தான்.

அந்தக் கோடுகள் இயற்பியலுக்குச் சரியாகப் பொருந்துகின்றன. சாலை கண்ணாடிபோல் சமமாக இருந்தால் ஒரு விளக்குக்கு ஒரு பிம்பம், கதை முடிந்தது. ஆனால் ஈரச் சாலை என்பது மேடும் பள்ளமுமாக, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்த கோடிக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள். நமக்கும் விளக்குக்கும் நேர்கோட்டில் இருக்கும் கண்ணாடி, முன்னாலோ பின்னாலோ கொஞ்சம் சாய்ந்திருந்தாலே ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பிவிடும். அந்தக் கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் தள்ளியிருப்பது அதே வேலையைச் செய்ய நிறையவே சாய வேண்டும். அவ்வளவு செங்குத்தான மேடு சாலையில் அரிது. அதனால் ஒளி பக்கவாட்டில் பரவாமல் நம் பக்கமாக மட்டும் நீள்கிறது. கடலில் நிலா போடும் வெள்ளிப் பாதையும் இதே கணக்குதான்.

சரி, நனைந்த தரை ஏன் கறுத்துத் தெரிகிறது? தண்ணீர் நிறமற்றது, அது கறுப்பைக் கொண்டுவர முடியாது. காய்ந்த தரையில் பட்ட ஒளி சிதறி நேராக வெளியே வந்துவிடும். மேலே நீர்ப்படலம் இருந்தால், சிதறிய ஒளியில் ஒரு பகுதி வெளியேறும்போது செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சரிந்து வந்து நீர்ப்பரப்பில் மோதுகிறது. அதை நீர்ப்பரப்பு முழுதாகத் தரைக்கே திருப்பி அனுப்பிவிடும். மறுபடி தரை கொஞ்சம் விழுங்கும். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால் கண்ணுக்கு மிச்சம் குறைவு.

அதே தரை தூரத்தில் பளபளக்கிறதே என்றால், அது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. நேர் மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புவது 2 விழுக்காடு ஒளியை மட்டும். தரையோடு 10 டிகிரி சரிவில் பார்த்தால் அது 35 விழுக்காட்டைத் தொடும். ஆகவே காலடியில் இருட்டு, தெருக்கோடியில் பளபளப்பு.

ஓவியருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சாயம் தானாக ஒளி விடாது. எவ்வளவு நல்ல வெள்ளையும், தன்மேல் விழுவதைவிட அதிகம் திருப்பித் தர முடியாது. அப்புறம் விளக்கு எரிவதுபோல் எப்படிக் காட்டுவது? மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலத்தைப் பூசுவதுதான் வழி. பக்கத்துப் பக்கத்தில் உள்ள நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்பதை மிஷேல் ஷெவ்ரொல் என்ற வேதியியலாளர் 1839இலேயே புத்தகமாக எழுதியிருந்தார். சாயத் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் நூல்களின் நிறத்தில் அவர் கண்ட விஷயம் அது. பிஸ்ஸாரோவுக்கு இந்தப் பாடம் பழக்கம். சில ஆண்டுகள் புள்ளிபுள்ளியாக வைத்து வரைந்து பார்த்து, பிறகு அலுத்து விட்டவர்.

இந்தப் படங்களில் மழைத்தாரைகளைத் தேடாதீர்கள். குஸ்தாவ் கய்போத் 1877இல் வரைந்த புகழ்பெற்ற பாரிஸ் மழைத்தெருவில்கூட ஒரு துளி விழுவது தெரியாது. குடைகளும் பளபளக்கும் கற்களும் இருக்கின்றன, அது போதும்.

பிஸ்ஸாரோவின் இரவுப் படம் இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. உயிரோடிருந்தவரை அவர் அதில் கையெழுத்தும் போடவில்லை, கண்காட்சிக்கும் அனுப்பவில்லை.