உழாத நிலத்துக்கு ஆண்டு வாடகை: அமெரிக்காவின் நிலக் காப்புத் திட்டம்

விளைநிலத்தில் பயிரிடாமல் இருப்பதற்காக உழவருக்கு அரசே ஆண்டுதோறும் வாடகை தரும் ஏற்பாடு, அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே வந்தது. தானியம் தேவைக்கு மேல் விளைந்து விலை சரிந்திருந்த காலம் அது. எளிதில் அரிபடும் சரிவு நிலங்களிலும் உழவு நடந்ததால் மேல்மண் ஓடைகளில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மண் அரிப்பையும் மிகை விளைச்சலையும் ஒரே செலவில் குறைத்துவிடலாம் என்பதே அன்றைய கணக்கு.

சேர்பவர் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த நிலத்தில் புல்லோ மரமோ வளர்க்க வேண்டும். அதற்கான தொடக்கச் செலவில் பாதி வரை அரசு ஏற்கும். இடையில் விலகினால் அதுவரை பெற்ற தொகையை வட்டியோடு திருப்பித் தருவதுடன் இழப்பீடும் கட்ட நேரிடும். கையெழுத்திடுமுன் நன்றாக யோசிக்க வேண்டிய விதி இது.

பொதுச் சேர்க்கையில் விண்ணப்பித்தவர் அனைவருக்கும் இடம் கிடைக்காது. காட்டுயிர், நீரின் தரம், மண் அரிப்பு, காற்றின் தரம் ஆகியவற்றில் அந்த நிலம் தரக்கூடிய பயனுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட உச்ச வாடகைக்குக் குறைவாகக் கேட்பவர் அதற்கும் மதிப்பெண் பெறுகிறார். குறைந்த செலவில் அதிகப் பயன் தரும் நிலத்தை உழவர்களின் போட்டியே காட்டிக்கொடுத்துவிடுவதால், திட்டத்தின் மிகச் சிறந்த கூறு இதுவே என்பேன்.

சிக்கல் விலையில் இருக்கிறது. 2007இல் 3.6 கோடிக்கும் அதிகமான ஏக்கர் இத்திட்டத்தின்கீழ் இருந்தது. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எரிபொருளான எத்தனாலின் தேவையும் பிறவும் சேர்ந்து மக்காச்சோள விலையை ஏற்றியபோது, தவணை முடிந்த நிலங்கள் பல மீண்டும் உழவுக்குத் திரும்பின. இடையில் குறைக்கப்பட்டிருந்த பரப்பு வரம்பை 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம் 2023க்குள் 2.7 கோடி ஏக்கர் என்று உயர்த்தினாலும், பொதுச் சேர்க்கைக்கான வாடகையை அந்தந்த மாவட்டச் சராசரியில் 85 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது.

அரிபடும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமின்றி உழுபவரும், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிடுபவரும் வேளாண் மானியங்களை இழக்க நேரும் என்று அதே 1985 சட்டம் தண்டனையும் வைத்திருக்கிறது. ஆனால் தானிய விலை ஏறும்போது விலை சார்ந்த மானியம் சுருங்கிவிடுகிறது. வாடகையின் ஈர்ப்பு குறையும் அதே பருவத்தில் இந்தத் தண்டனையின் அச்சமும் குறைந்துபோகிறது.