புதிய சர்வரில் எடுத்த பேக்கப் பழைய சர்வரில் ஏறாது

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு பெங்களூரு சிக்பேட்டையிலிருந்து போன். துணி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. "தம்பி, பில் போடுது. ஆனா ஸ்டாக் ரிப்போர்ட் கேட்டா டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. பழசு நல்லாத்தான இருந்துச்சு? அதையே போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை ராத்திரி கடை அடைத்த பிறகு, மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் 2012 பதிப்பில் இருந்த அவருடைய டேட்டாபேஸை, பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுத்தவர்கள் 2019 பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியே ஆக வேண்டிய வேலைதான். 2012-க்கான நீட்டிப்பு ஆதரவு 2022 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. பழைய பேக்கப்பைப் புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்தார்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. அதனால், திரும்புவதும் இப்படித்தான் சுலபமாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் மெட்ரோவில் இறங்கிக் கடைக்குப் போனபோது, அவர்களின் ஆள், ஓசூர்ப் பையன், பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். புதிய சர்வரில் அன்று காலை எடுத்த பேக்கப்பை அதில் ஏற்றப் பார்த்திருக்கிறான். திரையில் 3169 என்ற பிழை எண். பேக்கப் எடுத்த சர்வரின் பதிப்பு 15.00 (அதாவது 2019) என்று தொடங்குகிறது, இங்கே ஓடுவது 11.00 (அதாவது 2012), இரண்டும் ஒத்துவராது என்பதுதான் செய்தி.

"அண்ணே, கம்பாட்டிபிலிட்டி லெவலை 110-க்கு இறக்கிட்டு மறுபடி பேக்கப் எடுத்தா ஏறிடும்ல?"

கம்பாட்டிபிலிட்டி லெவல் என்பது, சர்வர் எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று டேட்டாபேஸில் வைக்கும் எண்; 110 என்றால் 2012, 150 என்றால் 2019. இந்தக் கேள்வியைப் பல வருஷமாகப் பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இறக்கிப் பார்க்கச் சொன்னேன். இறக்கினான், பேக்கப் எடுத்தான், ஏற்றினான். அதே 3169. ஆனால் அந்த நேரத்தில் கல்லாவில் இருந்த அக்கா ஸ்டாக் ரிப்போர்ட்டைத் தட்டியிருக்கிறார். "தம்பி, வந்துருச்சு!" என்று குரல் கொடுத்தார்.

நடந்தது இதுதான். 2012 டேட்டாபேஸை 2019-இல் ரீஸ்டோர் செய்தால் கம்பாட்டிபிலிட்டி லெவல் தானாக மாறாது, 110-லேயே நிற்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி யாரோ அதை 150 ஆக்கியிருக்கிறார்கள். ஒரு குவெரிக்கு, அதாவது டேட்டாபேஸிடம் மென்பொருள் கேட்கும் கேள்விக்கு, எத்தனை வரிசைகள் வரும் என்று சர்வர் முன்கூட்டியே கணிக்கும் முறை 120-லிருந்து, அதாவது 2014 பதிப்பிலிருந்து, மாறிவிட்டது. பெரும்பாலான குவெரிகளுக்கு அது நல்லதே செய்யும். சிலவற்றைப் படுக்க வைத்துவிடும். லெவல் இறங்கியதும் பழைய கணிப்பு திரும்பியது, ரிப்போர்ட்டும் ஓடியது.

ஆனால் லெவல் மாற்றுவது, குவெரியை எப்படி நடத்துவது என்பதைத்தான். ஃபைலின் உள்ளமைப்பு வேறு. 2012-இல் அதன் உள் பதிப்பு எண் 706, 2019-இல் 904. ரீஸ்டோர் முடியும்போதே 706 என்பது 904 ஆகிவிடும். அங்கிருந்து கீழே இறங்க வழியே கிடையாது. பழையதைப் புதியது படிக்கும். புதியதைப் பழையது படிக்காது.

மற்ற டேட்டாபேஸ்களிலும் இந்தக் கதைதான். மைஎஸ்க்யூஎல் 8.0-லிருந்து 5.7-க்கு இறங்க ஆதரவு இல்லை. ஆரக்கிளில் கம்பாட்டிபிள் அளவுருவை ஒருமுறை உயர்த்தினால் தாழ்த்த முடியாது. போஸ்ட்கிரெஸில், ஃபைல்களை நகலெடுக்காமல் பழையதும் புதியதும் பகிர்ந்துகொள்ளும் லிங்க் முறையில் அப்கிரேடு செய்து புதியதை ஒருதரம் ஓட்டிவிட்டால், பழையதை அப்படியே மறுபடி ஓட்டுவது ஆபத்து.

"வெள்ளிக்கிழமை பேக்கப் இருக்குல்ல?" என்று அண்ணாச்சி கேட்டார். இருக்கிறது. ஆனால் அதை எடுத்தால் சனிக்கிழமையிலிருந்து போட்ட பில்லெல்லாம் போய்விடும். அந்த பில்கள் ஏற்கெனவே வாங்கினவர்கள் கையில் இருக்கின்றன. ஜிஎஸ்டி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதே எண்ணில் இன்னொரு பில் போட்டால் இரண்டு பேர் கணக்கும் கெடும். அந்த மூன்று நாள் டேட்டாவை மட்டும் டேபிள் டேபிளாக வெளியே எடுத்துப் பழையதில் கொட்டலாம். முடியும், ஆனால் கடை திறந்திருக்கும்போது, முன்னே பின்னே செய்து பார்க்காமல், கூடவே கூடாது.

அதனால்தான், டேட்டாவை இப்படிப் பழையதுக்குக் கொண்டுபோகும் அந்தத் திரும்பும் ஸ்கிரிப்டை, மாற்றுகிற நாளுக்கு முன்பே எழுதி, ஒரு நகலில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன். எந்த மணி வரை பழையதுக்குத் திரும்பலாம், அதற்குப் பிறகு எது வந்தாலும் புதியதிலேயே சரிசெய்வது என்பதை முதலாளியிடமே கேட்டு எழுதிக்கொள்வேன். லெவலைப் பழையதிலேயே விட்டு, குவெரிகள் எப்படி ஓடின என்று பதிவு செய்யும் குவெரி ஸ்டோரை இயக்கி, வழக்கமான வேலைகள் எல்லாம் அதில் பதிவான பிறகுதான் உயர்த்துவது. நிலைப்படும் வரை புதிய பதிப்பின் புது வசதிகளைத் தொடவும் விடமாட்டேன். அவற்றில் ஒன்று ஒரு டேபிளில் நுழைந்தாலும் திரும்பும் ஸ்கிரிப்ட் அங்கே முறிந்துவிடும்.

கிளம்பும்போது அந்தப் பையன் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துப்போகவா என்று கேட்டான். மாதக் கடைசியில் ஓடும் ரிப்போர்ட்டுகள் இன்னும் ஒன்றுகூட ஓடவில்லை. அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போய்ச் சேரட்டும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றேன். அண்ணாச்சி அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தச் சொன்னார்.